கறுப்புத் திரை கேட்ட சொல்

4 மார்ச், செவ்வாய்

கணக்குத் தேர்வுத் தாள் திரும்பி வந்தது. பூஜ்யம். சும்மா பூஜ்யம் இல்லை, இரண்டு கண் வைத்தால் முகமாகிவிடும் அளவுக்குப் பெரிதாகச் சுழித்திருக்கிறார் கணக்கு மிஸ். வைத்தேன். மீசையும் வரைந்தேன். அப்புறம்தான் ஞாபகம் வந்தது, இதில் அப்பா கையெழுத்துப் போட வேண்டும்.

அப்பா தாளைப் பார்த்தார், மீசையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். எழுந்து நின்று, "வாங்க, பூஜ்யத்துக்குரிய மகளே" என்று கும்பிட்டார். அம்மா சமையலறையிலிருந்தே கத்தினாள்: "நீங்க சிரிச்சுச் சிரிச்சுத்தான் அவளுக்கு வால் நீண்டுக்கிட்டே போகுது." வீட்டில் எனக்கு வாலு என்றுதான் பேர். சான்றிதழில் வேறு ஏதோ இருக்கிறது.

கத்திய அம்மாவுக்கு மாலையே பரிசு. வீட்டுக் கணினியில் சின்ன நிரல் ஒன்று எழுதி வைத்தேன், அப்பா கற்றுக்கொடுத்த வித்தைதான். அம்மா தன் புகைப்படங்களைத் திறக்கப் போனால் 'கடவுச்சொல்:' என்று கேட்கும். எதை அடித்தாலும், 'தவறு. ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி முயலவும்' என்று சொல்லும். அம்மா மூன்று டம்ளர் குடித்தாள். மூன்று! நாலாவதுக்குக் கிளம்பியபோது அப்பாவால் அடக்க முடியவில்லை. நாற்காலியோடு சேர்ந்து குலுங்கினார்.

பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "நல்ல வேலைதான் வாலு. ஆனா பாத்தியா, திரை என்ன கேக்குதோ அத ஆளுங்க அப்படியே நம்பிடறாங்க. அதனால கேக்கற வார்த்தை சரியா இருக்கணும்" என்றார். அதோடு விட்டாரா? தன் கதைக்குத் தாவிவிட்டார். சாயங்காலங்களில் அவர் கறுப்புத் திரை மென்பொருள்களைத் தமிழாக்குகிறார். படமும் பொத்தானும் இல்லாமல், நாம் எழுத்தில் கட்டளை அடித்தால் எழுத்திலேயே பதில் சொல்லும் வகை. காசு கிடையாது, ஆசைதான். "திரைல எழுதி வெச்சிருக்கறது ஒண்ணு, நிஜமா கேக்கறது ஒண்ணு. எவனாவது ஒரு நாள் மாட்டிக்கிட்டு முழிக்கப் போறான்" என்றார்.

நான் மீசைப் பூஜ்யத்துக்குக் காது வரைந்துகொண்டிருந்தேன்.

9 மார்ச், ஞாயிறு

'உடைச்சுச் சொல்லு' ஆட்டத்தில் இன்றும் தோல்வி. விதி சுலபம். ஒரு வார்த்தையை எடுத்து, மேசையில் கையைக் கத்தி மாதிரி ஒரு வெட்டு வெட்டி, இரண்டாக உடைத்து வேறு பொருள் சொல்ல வேண்டும். நான் பலகையை வெட்டினேன்: பல, கை. "இது பால்வாடி" என்றார். அவர் கடிகாரத்தை வெட்டினார்: கடி, காரம். "காலைல ஆறு மணிக்கு அடிக்கும்போது உனக்கே தெரியும்." நான் அட்டையை வெட்டினேன்: அட, ஐ! செல்லாது என்றுவிட்டார்.

அட்டை என்றதும் அம்மா அவர் கழுத்தைக் காட்டினாள். "இந்த அட்டைய எப்ப வெட்டப் போறீங்க? ஞாயித்துக்கிழமைகூட ரத்தத்த உறிஞ்சுது." அப்பா வேலை பார்ப்பது பெரிய மருத்துவமனையின் ஸ்கேன் பிரிவில். படம் எடுக்கிறவர் அல்ல, எடுத்த படங்களைச் சேர்த்துவைக்கும் கணினிகளைப் பார்த்துக்கொள்கிறவர். அதற்காக, தங்க நிறச் சில்லு பதித்த அட்டை ஒன்று கழுத்தில் தொங்கும். குளிக்கும்போது மட்டும் கழற்றுவார்.

மேலே 'படம் எடுக்கிறவர் அல்ல' என்று எழுதியிருக்கிறேன் பார். அதுவும் இன்றைய பாடம்தான். கட்டுரையில் 'இது என் தவறு இல்லை' என்று எழுதியதை அடித்து 'அல்ல' என்று போட்டார். "இல்லைன்னா கிடையவே கிடையாது. அல்லன்னா ஏதோ இருக்கு, ஆனா அது இது கிடையாது, வேற. ரெண்டுக்கும் வித்தியாசம் இருக்கா?"

"இருக்கு அல்ல" என்றேன். தலையில் ஒரு தட்டு.

12 மார்ச், புதன்

அப்பா விழுந்துட்டார். குளியலறை வாசல்ல. வலது கை அப்படியே தொங்குது, வாய் ஒரு பக்கமா போயிடுச்சு. நான் நடிக்கறார்னு நெனச்சேன். சிரிச்சேன். நான் சிரிச்சேன்.

14 மார்ச், வெள்ளி

பக்கவாதமாம்.

உடைச்சுச் சொன்னால்: பக்க, வாதம். இனிமேல் எங்கள் வீட்டு வாதமெல்லாம் ஒரு பக்கம்தானா?

எழுதிப் பார்த்தேன். சிரிப்பு வரவில்லை. இந்த ஆட்டத்துக்கு எதிரே ஆள் வேண்டும்.

17 மார்ச், திங்கள்

அப்பா தான் வேலை பார்த்த மருத்துவமனையிலேயே படுத்திருக்கிறார். இரண்டு மாடி ஏறினால் அவருடைய மேசை.

கண் திறந்திருக்கிறது. எங்களைப் பார்க்கிறார். ஆனால் வார்த்தை வரவில்லை. தண்ணீருக்கும் "அது", ஜன்னலுக்கும் "அது", எனக்கும் "அது". எப்போதாவது வேறு ஒன்று வந்தால் கொழகொழவென்று ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வருகிறது. டாக்டர் வந்து, "பேனாவைக் காட்டுங்க" என்றார். அப்பா ஸ்பூனைக் காட்டினார். டாக்டர் ஏதோ குறித்துக்கொண்டார். "பேச்சு போயிருக்கு. புரியறதும் எவ்வளவு மிச்சம்னு இப்ப சொல்ல முடியாது."

வியாதியா, விளையாட்டா? எங்கள் அப்பாவுக்கு அந்த மாதிரி செய்யவும் தெரியும். யாரிடம் கேட்பது?

சித்தப்பா, அப்பாவின் தம்பி, கட்டிலின் இந்தப் பக்கம் நின்று அந்தப் பக்கம் இருக்கும் அம்மாவிடம் பேசுகிறார், நடுவில் படுத்திருப்பது ஒரு மூட்டை மாதிரி. "அண்ணி, அண்ணனுக்கு ஒண்ணும் புரியல. நாமதான் எல்லாம் பாத்துக்கணும்." நல்லவர்தான். தினமும் வருகிறார், மருந்து வாங்கித் தருகிறார், அழுகிறார். ஆனால் மூட்டை என்னைப் பார்த்துக் கண்ணை மூடியது. எனக்குத் தெரியும், அது தூக்கம் அல்ல.

20 மார்ச், வியாழன்

ஒயர் அண்ணன் வந்தார். அப்பாவின் உதவியாளர். நான் வைத்த பேர். ஆளும் ஒயர் மாதிரி, தோளிலும் எப்போதும் ஒரு ஒயர்ச் சுருள். அப்பாவின் அட்டை இப்போது அவரிடம்தான் இருக்கிறது. சேர்த்த அன்றே அம்மா கழற்றிக் கொடுத்துவிட்டாள். கழுத்தில் அந்த நாடா இருந்த இடம் மட்டும் வெளுப்பாக இருக்கிறது.

விஷயம் இதுதான். பழைய ஸ்கேன் படங்கள் எல்லாம் பூட்டிய கிடங்கு ஒன்றில் இருக்கின்றன. திங்களன்று மின்சாரம் போய் வந்ததில் அந்தக் கிடங்கு மூடிக்கொண்டது. மூடினால் அப்பாதான் அட்டையைச் செருகி, கறுப்புத் திரையில் கட்டளை அடித்துத் திறப்பார். ஒயர் அண்ணன் அட்டையைச் செருகினார். திரை 'கடவுச்சொல்:' என்று கேட்டது. அவசரத்துக்கு என்று அப்பா தன் கடவுச்சொல்லை அவரிடம் சொல்லி வைத்திருந்தார். அடித்தார். தவறு. விரல் தவறியிருக்கும் என்று மறுபடி அடித்தார். தவறு. சிவப்பு விளக்கு.

"இன்னும் ஒரே ஒரு தடவதான்மா. அதுவும் தப்பாப் போனா அட்டை தன்னைத்தானே பூட்டிக்கும். அத அவிழ்க்கற எண்ணும் சார்கிட்டதான் இருக்கு" என்றார் அம்மாவிடம். பிறகு குனிந்து, "சார், கடவுச்சொல்ல மாத்திட்டீங்களா? புதுசு என்ன சார்?"

அப்பா அவரையே பார்த்தார். வாய் இரண்டு முறை கோணியது. நாக்கு எங்கோ வழுக்கி, எங்கள் காதில் விழுந்தது இவ்வளவுதான்: "சொல்லல."

"பாத்தீங்களா அண்ணி" என்றார் சித்தப்பா. "சொல்லலன்றார். யாருகிட்டயும் சொல்லல, அவ்ளோதான். அவருக்கே மறந்திருக்கும்."

அப்பா இடது கையால் கட்டில் கம்பியில் ஓங்கி அடித்தார். மறுபடி, "சொல்லல." நர்ஸ் ஓடி வந்து, இந்த நோயில் கோபம் வருவது சகஜம் என்றார்.

போன வருஷம் தலைவலிக்காக அப்பாவுக்கு எடுத்த படமும் அந்தக் கிடங்கில்தானாம். டாக்டர் அதை ஒப்பிட்டுப் பார்க்கக் கேட்கிறார். ஆக, கிடங்கின் சாவி தலைக்குள், தலை கிடங்குக்குள். இப்படி ஒரு வசனத்தை அப்பாவிடம் சொன்னால் ஒரு வாரம் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

24 மார்ச், திங்கள்

ஸ்கேன் பிரிவின் மேடம் வந்தார். கட்டிலுக்கு அருகில் நிற்காமல் அம்மாவை வராந்தாவுக்கு அழைத்துப் போனார். நானும் ஒட்டிக்கொண்டு போனேன்.

ஒரு காகிதம் கொடுத்தார். 'பிறர் கூறுவதைப் புரிந்துகொள்ளும் நிலையில் இல்லை' என்று நடுவில் ஒரு வரி. கீழே டாக்டருக்கு ஓர் இடம், குடும்பத்துக்கு ஓர் இடம். இது இருந்தால்தான் அட்டையை வெளிக் கம்பெனியிடம் கொடுத்து உடைத்துப் பார்க்க முடியுமாம். உடைத்தால் படங்கள் கிடைக்கலாம், போகவும் செய்யலாம். அப்பாவை வேலையிலிருந்து விடுவிப்பதும் அதே காகிதத்தில்தான். "எனக்கும் கஷ்டமாத்தான் இருக்குங்க. ஏழாம் தேதிக்குள்ள குடுத்தாப் போதும்" என்றார். கண் கலங்கியிருந்தது. அதனால் அவர்மேல் கோபப்படவும் முடியவில்லை.

வராந்தா பெஞ்சில் ஒரு பெண், மடியில் பெரிய உறை. "பழைய படம் வந்தாத்தான் கட்டி வளந்திருக்கா இல்ல அப்படியே இருக்கான்னு சொல்ல முடியுமாம். நாலு நாளா நாளைக்கு வா, நாளைக்கு வான்றாங்க" என்றார் என்னிடம். அவருக்கு நான் யாரென்று தெரியாது. நான் தரையைப் பார்த்தேன்.

அம்மா காகிதத்தை மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள்.

இல்லை, அல்ல. 'நிலையில் இல்லை' என்று எழுதியிருக்கிறார்கள். அப்பா இருக்கார். அங்கதான் இருக்கார். வேற மாதிரி இருக்கார், அவ்ளோதான். இத எந்தக் காகிதத்துல எழுதறது?

28 மார்ச், வெள்ளி

வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டோம். முன்னறையில் கட்டில். அவருடைய நாற்காலியை ஓரமாகத் தள்ளினோம். நாற்காலி. உடைத்தால் பின்பாதி 'காலி'. இதை நான் விரும்பி உடைக்கவில்லை.

1 ஏப்ரல், செவ்வாய்

யாரையும் ஏமாற்றவில்லை. அம்மா காலையிலிருந்து சர்க்கரை டப்பாவை முகர்ந்து முகர்ந்து பார்த்தாள். உப்பு இல்லை என்று தெரிந்ததும் அவள் முகம் இன்னும் வாடிவிட்டது.

2 ஏப்ரல், புதன்

இன்றைக்கு எழுதியே ஆக வேண்டும். வரிசையாக எழுதுகிறேன்.

அம்மாவிடமிருந்து வாங்கிப் போன காகிதத்தோடு மத்தியானம் சித்தப்பா வந்தார். டாக்டர் தன் இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டாராம், இனி அம்மாதான். சாப்பாட்டு மேசையில் காகிதம், பக்கத்தில் பேனா. கட்டிலிலிருந்து பார்த்தால் நன்றாகத் தெரியும். அப்பா பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா பேனாவை எடுத்தாள், வைத்தாள். எழுந்து போய்க் கட்டிலில் உட்கார்ந்து, அவர் கன்னத்தைப் பிடித்து, சின்னப் பிள்ளையிடம் கேட்பதுபோல இல்லாமல், அவரிடம் கேட்பதுபோலவே கேட்டாள்: "ஏங்க, அந்தக் கடவுச்சொல் என்னங்க?"

"சொல்லல."

"சரி அண்ணா, சொல்லலன்னா விடுங்க" என்றார் சித்தப்பா.

அப்பா இல்லை என்று தலையாட்டினார். சொல்லவில்லை என்றுதான் அவர் சொல்ல வந்தார் என்றால் ஏன் தலையாட்ட வேண்டும்? அப்போதுதான் கையைப் பார்த்தேன். இடது கை. போர்வைமேல் கத்தி மாதிரி. "சொல்" என்றார். ஒரு வெட்டு. பிறகு மூச்சு வாங்கிக்கொண்டு மிச்சத்தைத் தள்ளினார். "அல்ல."

உடைச்சுச் சொல்றார்! இத்தனை நாளா உடைச்சுத்தான் சொல்லிக்கிட்டிருந்தார், நாங்கதான் ஒட்டிக் கேட்டோம்!

"அம்மா, சொல்லலைன்னு சொல்லல. சொல் அல்லன்னு சொல்றார்! அது கேக்கறது சொல் அல்ல!"

அம்மாவுக்குப் புரியவில்லை. எனக்கும் பாதிதான் புரிந்தது. சொல் என்று எழுதிவிட்டுச் சொல்லைக் கேட்கவில்லை என்றால் வேறு எதைக் கேட்கிறது? 'அல்ல' என்று ஆரம்பித்ததில் என் நாக்கும் எழுத்துத் தமிழுக்கே போய்விட்டது போல. அப்பாவைப் பார்த்து, "சொல் அல்லவா? பின் என்ன?" என்றேன்.

அப்பா சிரித்தார். பாதி வாயால். தோள் குலுங்கச் சிரித்தார். என் மணிக்கட்டைப் பிடித்து ஆட்டினார். நான் ஒரு ஜோக்கும் சொல்லவில்லையே, பின் என்ன என்றுதானே கேட்டேன்?

பின்.

பின்! அட்டைக்கு என்று ஒரு பின் எண் இருக்கிறது. ஸ்கேன் பிரிவில் எல்லாரும் தினமும் காலையில் தங்கள் அட்டையைச் செருகி அடிப்பதுதான். ஆனால் அது வண்ணத் திரையில். அங்கே 'பின் எண்' என்று தெளிவாக எழுதியிருக்கும்.

ஒயர் அண்ணனுக்குப் போன் போட்டேன். எல்லாம் சொன்னேன். "ஐயோ" என்றார். "அட்டை இல்லாம கட்டளை அடிச்சா கடவுச்சொல். அட்டைய செருகிட்டு அடிச்சா பின். ரெண்டுக்கும் ஒரே கேள்வியத்தான் போடுது அந்தப் பாழாப்போன திரை. சரியான கடவுச்சொல்ல ரெண்டு தடவ அட்டைகிட்ட குடுத்திருக்கேன். அது என்ன பண்ணும் பாவம்? தப்பான எண்ணுன்னு கணக்கு வெச்சுக்கிட்டு இருக்கு."

எவனாவது ஒரு நாள் மாட்டிக்கிட்டு முழிக்கப் போறான் என்றாரே. முழித்தது நாங்கள் எல்லாரும். நடுவில் மாட்டிக்கொண்டது அவர்.

சித்தப்பா மட்டும் பேனாவை மூடவில்லை. "இருக்கட்டும். எண்ணு சரியா ஞாபகம் இருக்குன்னு என்ன நிச்சயம்? நேத்து ரெண்டு விரல் காட்டச் சொன்னா நாலு காட்டினார். ஒரே ஒரு தடவதான் மிச்சம் வாலு. தப்பாச்சுன்னா படமும் போகும், அண்ணன் பேரும் போகும்."

அப்பா விரலால் காட்டும் எண் மாறுகிறது. அதுவும் உண்மைதான்.

3 ஏப்ரல், வியாழன்

சக்கர நாற்காலியில் அப்பாவை ஸ்கேன் பிரிவுக்கு அழைத்துப் போனோம். ஜன்னல் இல்லாத அறை, இரைச்சலோடு ஓடும் குளிர்சாதனம், அவருடைய மேசை. தேநீர்க் கோப்பையின் வளையம் இன்னும் மேசைமேல் இருந்தது. அதை இடது விரலால் ஒரு முறை தடவினார். மேடம், ஒயர் அண்ணன், அம்மா, சித்தப்பா, நான்.

ஒயர் அண்ணன் ஒரு காகிதத்தை நீட்டி, "சார், எண்ண இதுல எழுதறீங்களா? நான் அடிச்சுடறேன்" என்றார். அப்பா காகிதத்தை ஒதுக்கினார். தன்னைத் தொட்டுக் காட்டினார். பிறகு ஆள்காட்டி விரலைக் காற்றில் வட்டமாகச் சுழற்றினார்.

"தலை சுத்துதா அண்ணா?" என்றார் சித்தப்பா.

நான் சிரித்துவிட்டேன். விழுந்த நாளுக்குப் பிறகு இப்போதுதான். "சித்தப்பா, உங்களத் திரும்பிக்கச் சொல்றார். பின் எண்ண யாருக்கும் காட்டக்கூடாதுல்ல?"

அப்பா தலையாட்டினார். மேடம்தான் முதலில் திரும்பினார். 'புரிந்துகொள்ளும் நிலையில் இல்லை' என்று அச்சடித்துக் கொடுத்தவர், சுவரைப் பார்த்து நின்றார், வகுப்பில் தண்டனை வாங்கிய பிள்ளைபோல.

சித்தப்பாவின் கேள்விக்கு ராத்திரி படுக்கையில் ஒரு வழி தோன்றியிருந்தது. போனில் கணக்குப்பொறியைத் திறந்து அப்பாவின் இடது கையருகே வைத்தேன். "அப்பா, எண்ண அடிங்க. கழித்தல் போடுங்க. மறுபடியும் அதே எண்ண அடிங்க. அப்புறம் சமம். விடைய மட்டும் எங்ககிட்ட காட்டுங்க." எண் அவர் மனதில் ஆடாமல் நின்றால் விடை பூஜ்யமாக வர வேண்டும். எண்ணை யாரும் பார்க்கவும் வேண்டாம்.

திரும்பி நின்றேன். டிக், டிக், மெதுவாக. மேசையைத் தட்டினார். திரும்பிப் பார்த்தேன்.

முப்பது.

சித்தப்பா பெருமூச்சு விட்டது கேட்டது. அம்மா என் தோளைப் பிடித்தாள். ஆனால் அப்பா எங்களைப் பார்க்கவில்லை. தன் இடது விரலைத்தான் முறைத்தார், சொன்னதைக் கேட்காத பிள்ளையை முறைப்பதுபோல. பொத்தான்மீது அந்த விரலை வைத்து, எங்கே தவறியது என்று தனக்குத்தானே காட்டிக்கொண்டார். இத்தனை வருஷம் அடித்தது வலது கை. இது அதன் வேலை அல்லவே. மறுபடி வட்டம் சுழற்றினார். திரும்பினோம்.

பூஜ்யம்.

மறுபடி. பூஜ்யம். இன்னொரு முறை. பூஜ்யம். இவ்வளவு பூஜ்யம் ஒரே நாளில் நானே வாங்கியதில்லை. ஒவ்வொன்றுக்கும் அப்பா மாதிரியே ஒரு கும்பிடு போட்டேன்.

ஒயர் அண்ணன் அட்டையைச் செருகி, கட்டளையை அடித்துவிட்டு விலகினார். கறுப்புத் திரையில் வெள்ளையாக, அதே பொய்: 'கடவுச்சொல்:'

"சார், அடிக்கறது திரைல தெரியாது. நட்சத்திரம்கூட விழாது" என்று மெல்ல நினைவூட்டினார். அப்பா அவரைப் பார்த்த பார்வை: எனக்கே சொல்றியா?

எல்லாரும் சுவரைப் பார்த்தோம். ஒரு சத்தம். இடைவெளி. இன்னொன்று. நடுவில் நீண்ட நேரம் ஒன்றுமே இல்லை. மறந்துவிட்டாரா, விரல் தவறிவிட்டதா, திரும்பிப் பார்த்துவிடலாமா? அம்மாவின் விரல் என் தோளில் பதிந்துகொண்டே போனது. பிறகு மிச்ச எண்கள், ஒவ்வொன்றாக. கடைசியில் பெரிய பொத்தானின் கனமான சத்தம்.

"சார்" என்றார் ஒயர் அண்ணன். அவர்தான் முதலில் திரும்பியிருந்தார். "சார்… தொறந்துடுச்சு சார்." வரிகள் கடகடவென்று மேலே ஓடிக்கொண்டிருந்தன. பச்சை விளக்கு.

அப்பா அழுதார். அம்மாவும். சித்தப்பா சுவரைப் பார்த்தபடியே நின்றார், ரொம்ப நேரம். திரும்பலாம் என்று யாராவது சொல்ல வேண்டும் என்று காத்திருந்தார் போல.

அம்மா கைப்பையிலிருந்து மடித்த காகிதத்தை எடுத்து மேடத்திடம் நீட்டினாள். "இது எங்களுக்கு வேணாங்க." மேடம் வாங்கிக்கொண்டார். சக்கர நாற்காலிக்கு முன்னால் வந்து, குனிந்து, அப்பாவிடம் சொன்னார்: "மன்னிச்சுடுங்க சார்."

திரும்பி வரும்போது பெஞ்சில் அந்தப் பெண் இல்லை. உள்ளே கூப்பிட்டுவிட்டார்களாம்.

6 ஏப்ரல், ஞாயிறு

சித்தப்பா வந்தார். வாசலிலேயே நின்று, அம்மாவைத் தாண்டி, நேராகக் கட்டிலைப் பார்த்து, "அண்ணா, டீ குடிக்கறீங்களா?" என்று கேட்டார்.

பதில் வர ரொம்ப நேரம் ஆனது. நின்றுகொண்டே இருந்தார்.

19 ஏப்ரல், சனி

நல்லது மட்டும் எழுதினால் அது பொய்.

கிடங்கு திறந்த மாதிரி அப்பா திறக்கவில்லை. பேச்சுப் பயிற்சி தரும் டீச்சர் படங்களைக் காட்டுகிறார்: பூனை, குடை, சாவி. பூனைக்கு "அது". குடைக்கு "அது". சாவி வந்தபோது வாயைத் திறந்தார், மூடினார், திரும்பித் திறந்தார். வியர்த்துவிட்டது. எத்தனையோ மென்பொருளுக்குத் தமிழ்ச் சொல் தேடித் தந்தவர். இன்று படங்களை வீசிவிட்டார். நான் பொறுக்கினேன். டீச்சர் என்னிடம் உண்மையைச் சொன்னார்: கொஞ்சம் வரும், எல்லாம் வராது.

ஜோக் ஒன்றும் வரலை. இன்னிக்கு நான் வாலு இல்ல. அல்லவும் இல்ல. ஒண்ணுமில்ல.

12 மே, திங்கள்

வாரத்தில் இரண்டு காலை, அப்பா ஸ்கேன் பிரிவுக்குப் போகிறார். சித்தப்பா கொண்டுபோய் விடுகிறார். ஒயர் அண்ணன் அடிப்பார், அப்பா பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பார்; தவறாகப் போனால் மேசையில் ஒரு தட்டு. "முன்னாடி திட்டுவார், இப்ப தட்டுறார். எனக்கென்னவோ ரெண்டும் ஒரே மாதிரிதான் வலிக்குது" என்றார் ஒயர் அண்ணன்.

இன்று இருவரும் சேர்ந்து கறுப்புத் திரையின் அந்த ஒரு வரியை மாற்றினார்களாம். அட்டை செருகியிருந்தால் இனி அது 'அட்டையின் பின் எண்:' என்றுதான் கேட்கும். மொத்தக் காலையும் அதற்கே போயிற்றாம். அப்பா சாப்பிட்டுவிட்டு நன்றாகத் தூங்கினார்.

அப்பா இல்லாதபோதும் கிடங்கைத் திறக்க இரண்டாவது அட்டை ஒன்றும் வந்துவிட்டது. அது மேடத்திடம்.

14 ஜூன், சனி

காலையில் வீட்டுக் கணினியைத் திறந்தேன். என் படங்களுக்குள் போக முடியவில்லை. கறுப்பாக ஒரு திரை வந்து நின்றது. கேள்வி இதுதான்: 'சொல் அல்ல:'

அம்மாவுக்கு வைத்த என் நிரல். யாரோ உள்ளே புகுந்து கேள்வியை மாற்றியிருக்கிறார்கள்.

சொல் அல்ல என்றால் எண். என் பிறந்தநாளை அடித்தேன். 'தவறு. ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி முயலவும்.' வீட்டு எண்ணை அடித்தேன். தவறு, தண்ணீர். அம்மா சமையலறை வாசலில் டம்ளரோடு தயாராக நின்றாள். இவளும் கூட்டு! "குடிடி, குடி. நான் மூணு குடிச்சேன்." குடித்தேன். ஒரு நியாயம் வேண்டுமே.

மூன்றாவது டம்ளரில்தான் உறைத்தது. என்னைப் பற்றி அப்பாவுக்குத் தெரிந்த எண் வேறு என்ன இருக்கிறது?

0 என்று அடித்தேன்.

திறந்தது. படங்களுக்கு மேலே ஒரு வரி இருந்தது, ஒற்றை விரலால் எத்தனை நாள் அடித்தாரோ:

'பூஜயததுக்குரியவள்'

இரண்டு புள்ளி குறைகிறது. நான் திருத்தவில்லை. முன்னறையில் நாற்காலி குலுங்கும் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கிறது.